வேலியில் தொங்கிய தெலுங்கு

1962ஆம் வருஷம் ஜூன் மாதம் பள்ளி திறந்த நாளிலிருந்து, புளியம்பேடு நடுநிலைப் பள்ளியில் படித்த பிள்ளைகள் தங்கள் வீட்டு மொழியைக் கழற்றி வாசல் வேலியில் மாட்டிவிட்டுத்தான் வகுப்புக்குள் போனார்கள். புளியம்பேடு கும்மிடிப்பூண்டியிலிருந்து ஆறு மைல், ஆந்திர எல்லையிலிருந்து ஒன்றரை மைல். மொத்தம் நூற்றுப் பத்து வீடு. அதில் எழுபது வீட்டில் தெலுங்கு, முப்பத்தாறு வீட்டில் தமிழ், நாலு வீட்டில் உருது. தலைமையாசிரியர் பரசுராமன் கண்டிப்பானவர்; எல்லைத் தகராறெல்லாம் தீர்ந்த பிறகு தன் பள்ளி எந்தப் பக்கத்துப் பள்ளி என்பதில் யாருக்கும் சந்தேகம் வரக் கூடாது என்று நினைத்தார். தமிழ் தவிர மற்றதை வாசலுக்கு வெளியே விட்டுவிட்டு வரவேண்டும் என்று அறிவிப்புப் பலகையில் எழுதிப் போட்டார். பிள்ளைகளும் அப்படியே செய்தார்கள். அவர் ஆச்சரியப்படவில்லை. வேலியில் இடம் போதுமா என்று மட்டும் பார்த்துக்கொண்டார்.

சின்னப் பிள்ளைகளின் மொழி கைக்குட்டை அளவுதான் இருக்கும். ஏழாம் வகுப்பு, எட்டாம் வகுப்பு வந்துவிட்டால் நனைந்த போர்வைக் கனம். வெயிலில் ஓரம் வெளுத்தது, மழையில் சுருங்கியது. பக்கத்தில் போனால் தேனீக்கூட்டில் காது வைத்ததுபோல் ஒரு ரீங்காரம் கேட்கும். மாலை மணி அடித்ததும் அவரவர் தம்முடையதை எடுத்து மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். அவசரத்தில் ஒருவனுடையது இன்னொருவனிடம் போய்விடுவதும் உண்டு. அன்றைக்கு அந்த வீட்டில் பையன் பக்கத்து வீட்டுக் கெட்ட வார்த்தையெல்லாம் பேசுவான், அடி வாங்குவான், மறுநாள் மாற்றிக்கொள்வார்கள். ஒருமுறை சின்னதுரை வீட்டு ஆடு இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்றின் தெலுங்கில் கால்வாசியைத் தின்றுவிட்டது. மூன்று நாள் அந்த ஆடு தெலுங்கில் தண்ணீர் கேட்டது. சின்னதுரை தண்ணீர் வைத்தார். நாலாம் நாள் சரியாகிவிட்டது.

ஞானம்மா அந்தப் பள்ளிக்கு உதவி ஆசிரியையாக வந்தது 1963இல். சொந்த ஊர் பக்கத்திலேயே. அப்பா அம்மா இருவரும் ரெட்டியார் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள். மிஷன் புண்ணியத்தில் இவள் படித்து டிரெயினிங் முடித்தாள். வீட்டில் தமிழ்தான். ஆனால் ஏழு வயதிலிருந்து நடவு வரிசையில் தெலுங்குப் பெண்களோடு குனிந்து நின்றதில் தெலுங்கும் அவளுக்கு வாய்த்திருந்தது. புத்தகத் தெலுங்கு இல்லை. சேற்றில் நின்று பேசுகிற தெலுங்கு, ஏச்சும் கிண்டலும் நிறைந்தது. பலகையில் இருந்த சட்டம் பிள்ளைகளுக்கு மட்டும் என்பதால் அவள் தன் தெலுங்கைக் கழற்றவில்லை. ஆனால் வகுப்பில் அதைத் திறக்கக் கூடாது என்று பரசுராமன் முதல் நாளே சொல்லிவிட்டார்.

முதல் வகுப்பில் நாற்பது பிள்ளைகள். அதில் இருபத்தாறு, ஒரு வார்த்தை கையில் இல்லாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கும். தமிழ் இன்னும் வரவில்லை, இருந்ததும் வேலியில். வயிறு வலித்தாலும் சொல்லத் தெரியாது, ஒன்றுக்கு வந்தாலும் சொல்லத் தெரியாது. இருந்த இடத்திலேயே நனைத்துக்கொண்டு அழும். வந்த மூன்றாம் வாரமே ஞானம்மா தலைமையாசிரியர் மேஜை முன்னால் போய் நின்றாள்.

"தமிழ் வாணாம்னு யாரு சார் சொன்னா? நல்லா வரட்டும். இருக்கறத இன்னாத்துக்குக் கழட்டணும்? அதும்மேல இதப் போட்டா ஆவாதா?"

"அம்மா, ஒரு பையில ரெண்டு மரக்கால் கொள்ளாது. நான் இவங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். நாளைக்கு வேலைக்குப் போறப்ப எது சோறு போடும்?" என்றார் பரசுராமன்.

அவர் கெட்ட மனுஷர் இல்லை. ஏழைப் பிள்ளைகளுக்குத் தன் சம்பளத்தில் சிலேட்டு வாங்கித் தருகிறவர். அதுதான் ஞானம்மாவுக்கு இன்னும் எரிச்சல். கெட்டவனாக இருந்தால் சண்டை போட்டு ஜெயிக்கலாம். நல்லவன் தப்பாக நினைத்துக்கொண்டிருந்தால் என்ன செய்வது?

அவள் ஒரு திட்டம் எழுதினாள். பதினோரு பக்கம், கோடு போட்ட தாளில். முதல் இரண்டு வருஷம் பிள்ளை எந்த மொழியைக் கொண்டுவருகிறதோ அதிலேயே எழுத்தையும் கணக்கையும் தொடங்குவது; கூடவே தமிழைப் பேச்சாகவும் பாட்டாகவும் பழக்குவது; மூன்றிலிருந்து இரண்டிலும் படிப்பது; ஐந்தில் இங்கிலீஷ். தமிழ் வீட்டுப் பிள்ளையும் பக்கத்தில் உட்காருகிறவனின் தெலுங்கைக் கற்றுக்கொள்வது. உருது வீட்டுப் பிள்ளை நாலே நாலுதான் என்று விட்டுவிடாமல் வாரம் இரண்டு மணி நேரம் அதற்கும் ஒதுக்குவது. எல்லாவற்றுக்கும் முதலில், வேலியில் மாட்டும் வழக்கத்தை நிறுத்துவது. திருவள்ளூரிலிருந்த மேலிடத்து ஆபீசுக்கு நேரில் கொண்டுபோய்க் கொடுத்தாள். அங்கே மொழி சம்பந்தமான ஃபைல்களைப் பார்த்தவர் சடகோபன் என்கிற குமாஸ்தா. வீரராகவர் கோயில் கைங்கரியக் குடும்பம். காலையில் கோயில், பத்து மணிக்கு மேல் ஆபீஸ். பதினோரு பக்கத்தையும் படித்துவிட்டுத்தான் அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"டீச்சர், நன்னா எழுதியிருக்கேள். ஆனா இந்த ஃபாரத்துல மாணவர் மொழிங்கிற எடத்துல ஒரு கட்டம்தான் இருக்கு. நீங்க ஒவ்வொரு கொழந்தைக்கும் ரெண்டு, மூணுன்னு எழுதியிருக்கேள். மேல போகாதே."

"கட்டத்தப் பெருசாக்கிடலாமே சார்."

"அதுக்குத் தனி ஃபைல் போடணும்."

அந்தத் தனி ஃபைலையும் போட்டாள். அது 1964இல் திரும்பி வந்தது. 65இல் ஊரெல்லாம் மொழிக் கலவரம். அந்த நேரத்தில் மொழி என்று மேலே எழுதிய ஃபைலைத் தொடவே யாருக்கும் தைரியம் இல்லை. ஞானம்மாவின் கணவன் மோசஸ் ரயில்வேயில் கேங்மேன். "ஊதற சங்க ஊதிக்கினே இரு, விடியறப்ப விடியட்டும்," என்பான். அவன் அதை ஆறுதலாகத்தான் சொன்னான். அவளுக்குத்தான் ஆறவில்லை.

1966 நவம்பரில் மெட்ராஸைப் புரட்டிப் போட்ட புயல் புளியம்பேட்டிலும் அடித்தது. பள்ளி நடந்துகொண்டிருந்தது. ஓடு பறக்கத் தொடங்கியதும் பரசுராமன் பிள்ளைகளையெல்லாம் நடு அறையில் சேர்த்துக் கதவைச் சாத்தினார். ஒருவருக்கும் காயமில்லை, அதற்காக அவரைப் பாராட்ட வேண்டும். ஆனால் வேலி போய்விட்டது. வேலியில் இருந்ததும் போய்விட்டது. அடுத்த நான்கு நாள் ஊரே வயலில் இறங்கித் தேடியது. வரப்பில், கருவேல முள்ளில், ஏரிக் கலங்கலில் என்று நூற்று நாற்பத்தேழு மொழிகளைப் பொறுக்கி, பள்ளி வராந்தாவில் காயப்போட்டு அடையாளம் பார்த்துக் கொடுத்தார்கள். ஒன்று மட்டும் கிடைக்கவில்லை. அது மூன்றாம் வகுப்பு செண்பகத்தின் தெலுங்கு. எட்டு வயது. அப்பா இறந்துவிட்டார். அம்மா குப்பம்மாள், கூலி வேலை. அம்மாவுக்குத் தெலுங்கைத் தவிர வேறு ஒரு சொல் தெரியாது. மகளிடம் மிஞ்சியிருந்தது மூன்றாம் வகுப்புப் பாடப் புத்தகத்துத் தமிழ் மட்டும்.

அன்றிலிருந்து ஒரே கூரையின் கீழ் இருந்த அந்த இருவருக்கும் பேச்சு அற்றுப்போனது. கோபத்தில் பேசாமலிருப்பது வேறு. அதில் ஒருநாள் கோபம் தீரும். இது அப்படியில்லை. அம்மா சொல்வது மகளுக்குக் காற்றுச் சத்தமாகவும், மகள் சொல்வது அம்மாவுக்குத் தட்டுமுட்டுச் சத்தமாகவும் கேட்டது. ஞானம்மா தினம் பள்ளி விட்டதும் அந்த வீட்டுக்குப் போய் நடுவில் உட்கார்ந்தாள். அம்மா சொன்னதை மகளுக்கு, மகள் சொன்னதை அம்மாவுக்கு. தலைவலியா, எண்ணெய் வாங்கினாயா, நாளைக்குக் களை எடுக்கப் போகிறேன் சோறு பானையில் இருக்கிறது. ஒரு மணி நேரத்தில் ஒரு நாள் பேச்சை அடைத்துவிட்டு வீட்டுக்குப் போவாள்.

கற்றுக்கொடுக்கவும் பார்த்தாள். செண்பகம் கெட்டிக்காரி, ஒரு மாலையில் நாலு தெலுங்கு வார்த்தை பிடித்துவிடுவாள். ஆனால் மறுநாள் காலையில் சட்டப்படி அந்த நாலையும் புது வேலியில் மாட்டிவிட்டு வகுப்புக்குப் போகவேண்டும். நாலு வார்த்தைக்கு என்ன கனம்? பத்து மணிக் காற்றுக்கே பறந்துவிடும். மாலையில் வந்து பார்த்தால் முள் மட்டும் இருக்கும். இப்படி ஒரு வருஷம், இரண்டு வருஷம். பரசுராமனிடம் கெஞ்சினாள், இந்த ஒரு பிள்ளையை மட்டும் விட்டுவிடுங்கள் என்று. ஒருத்திக்கு விட்டால் நூற்று நாற்பத்தேழு பேருக்கும் விடவேண்டும், மேலிடத்து உத்தரவு வரட்டும் என்றார். மேலிடத்தில் கேட்டால், தலைமையாசிரியர் சிபாரிசு வரட்டும் என்றார்கள். சரி, குப்பம்மாளையாவது தமிழ் படிக்க வைக்கலாம் என்று ஆரம்பித்தாள். குப்பம்மாள் அரிவாளைக் கீழே வைத்துவிட்டுத் தெலுங்கில் ஒன்று கேட்டாள். அதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: "நான் பெத்த பிள்ளையோட பேச நான் எதுக்கு இன்னொருத்தங்க பேச்சக் கத்துக்கணும்? எம்பிள்ள பேச்ச எடுத்தவன் கொண்டாந்து குடுக்கட்டும்." ஞானம்மா அந்தப் பாடத்தை அன்றோடு விட்டாள்.

67இல் ஆட்சி மாறியது. அவள் திட்டத்தைப் புதிதாக எழுதிக் கொடுத்தாள். 68இல் மும்மொழி போய் இருமொழி வந்தது. மூன்றா இரண்டா என்று நாடே எண்ணிக்கொண்டிருக்க, புளியம்பேட்டில் இருந்த ஒன்றையும் வேலியில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். இருமொழியில் ஒன்று தமிழ், ஒன்று இங்கிலீஷ், செண்பகம் தன் அம்மாவோடு பேசவேண்டிய மொழி எந்தக் கட்டத்தில் வரும் என்று கடிதம் எழுதிக் கேட்டாள். கடிதம் பெற்றுக்கொள்ளப்பட்டது என்று பதில் வந்தது. 69இல் பக்க எண் போடவில்லை என்று திரும்பியது. 70இல் பக்க எண் போட்டதால் பழைய ஃபைலோடு சேர்க்க முடியவில்லை என்று திரும்பியது. ஒவ்வொரு முறை திரும்பும்போதும் அந்தப் பதினோரு பக்கம் கனத்துக்கொண்டே வந்தது. கடைசியில் மோசஸ் சைக்கிள் கேரியரில் கட்டித்தான் கொண்டுவர வேண்டியிருந்தது. எடை போட்டதில் பதினாறு கிலோ. சடகோபன் பெருமாள் படத்தைப் பார்த்துக்கொண்டு, "என் கையில ஒண்ணும் இல்லை டீச்சர்," என்பார். அது உண்மைதான். யார் கையிலும் ஒன்றும் இல்லை. அத்தனை பேர் கையிலும் ஒன்றும் இல்லாமல் அந்த வேலி மட்டும் எப்படி நின்றது என்பதுதான் அவளுக்குப் புரியவில்லை.

1971 ஆகஸ்டில் தபால் வந்தது. எல்லையோரப் பள்ளிகளின் மொழிப் பிரச்சினையை ஆராய மூவர் குழு வருகிறது. திட்டம் எழுதிய ஆசிரியை குழுவின் முன்னால் இரண்டு மொழியிலும் ஒரு மாதிரிப் பாடம் நடத்திக் காட்டவேண்டும். திருப்தியாக இருந்தால் வேலி வழக்கம் நிறுத்தப்படும். தேதி வெள்ளிக்கிழமை. ஞானம்மா தபாலை நாலு முறை படித்தாள். எட்டு வருஷத்தில் முதல் முறையாக மோசஸுக்குக் கோழி அடித்துக் குழம்பு வைத்தாள்.

செவ்வாய்க்கிழமை செண்பகம் பெரியவளானாள். வழக்கப்படி வீட்டுக்குப் பின்னால் பச்சை ஓலைத் தடுப்புக் கட்டி உட்காரவைத்தார்கள். பதினாறு நாள் வெளியே வரக் கூடாது. பிள்ளை மிரண்டுபோயிருந்தாள். இரத்தத்தைப் பார்த்துத் தான் சாகப்போவதாக நினைத்துக்கொண்டாள். ஓலைக்கு இந்தப் பக்கம் குப்பம்மாள் நின்று சொல்லிக்கொண்டே இருந்தாள், பயப்படாதே, எனக்கும் இப்படித்தான், எல்லோருக்கும் இப்படித்தான் என்று. மகள் காதைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஞானம்மா போய் வழக்கம்போல் நடுவில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக மாற்றிச் சொன்னாள். துணி எப்படி மடிக்க வேண்டும், வலித்தால் என்ன தின்ன வேண்டும் என்பதுவரை சொன்னாள். பாதியில் குப்பம்மாள் நிறுத்தச் சொன்னாள். இதையாவது என் மகளிடம் நான் சொல்லக் கூடாதா என்று கேட்டுவிட்டு, மண்ணில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள்.

ஞானம்மாவுக்கு எல்லாம் ஒன்றாக வந்தது: பரசுராமன் மேல் கோபம், கட்டத்தின் மேல் கோபம், பதினாறு கிலோ காகிதத்தின் மேல் கோபம், வெள்ளிக்கிழமை என்று எழுதியவன் மேல் கோபம். மூன்று நாள் பொறுத்திருந்தால் நூற்று நாற்பத்தேழு பிள்ளைகளுக்கும் வேலி ஒழிந்திருக்கும். அது அவளுக்கு நன்றாகத் தெரியும். மூன்று நாள் பொறு என்று ஓலைக்கு அந்தப் பக்கம் அழுகிறவளிடம் எப்படிச் சொல்வது? தீட்டு என்று மற்றவர்கள் தள்ளி நிற்க, அவள் ஓலையை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். தன் தெலுங்கைக் கழற்றினாள். முப்பது வருஷத்துத் தெலுங்கு, நடவுச் சேறு ஒட்டியது. கழற்றும்போது தோளெலும்பில் வலித்தது. நாலாக மடித்துச் செண்பகத்தின் மடியில் வைத்து, "போட்டுக்கோடி," என்றாள்.

பிள்ளைக்கு அது பெரிதாகத்தான் இருந்தது. கையும் விளிம்பும் தொங்கின. போட்டுக்கொண்டாள். பிறகு நாற்பது வயதுக்காரியின் குரலில், "அம்மா, ஆகலேஸ்தோந்தி," என்றாள். பசிக்கிறது என்று அர்த்தம். குப்பம்மாள் பதறி எழுந்து ஓலையையே பிய்த்துக்கொண்டு உள்ளே வந்தாள். அதற்குமேல் அவர்கள் பேசியது என்ன என்று இங்கே எழுத முடியாது. பக்கத்தில் இருந்த ஞானம்மாவுக்கு அதில் ஒரு சொல்லும் விளங்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஜீப்பில் குழு வந்தது. தலைவர் பூவராகவன், மரியாதையான மனிதர். விசேஷ அனுமதியின் பேரில் ஒரு வகுப்புப் பிள்ளைகளுக்கு அவரவர் மொழியை வேலியிலிருந்து எடுத்து மாட்டி உட்காரவைத்திருந்தார்கள். ஞானம்மா சாக்பீஸோடு நின்றாள். முன் வரிசையில் ஒரு பெண் எழுந்து ஆசையாக என்னவோ கேட்டது. ஞானம்மா அதன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளை திரும்பவும் கேட்டது.

"திட்டம் எழுதினது நீங்கதானேம்மா?" என்றார் பூவராகவன்.

"நான்தான் சார்."

"தெலுங்கு தெரியுமா?"

"போன செவ்வாக்கெழம வரிக்கும் தெரியும் சார்."

நடந்ததைச் சொன்னாள். குழு கவனமாகக் கேட்டது. யாரும் நம்பாமலில்லை. கொடுத்ததற்கு ரசீது இருக்கிறதா என்று ஒருவர் கேட்டார். பெற்றுக்கொண்டவளை நேரில் பார்க்கலாமா என்று இன்னொருவர் கேட்டார். தீட்டு வீடு என்றதும் விட்டுவிட்டார். பூவராகவன் தாளில் 'தெலுங்கு: தெரியாது' என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். போகும்போது வேலியைச் சுற்றிப் பார்த்தார். மொழிகள் முள்ளில் கிழிவதைக் கண்டு உண்மையாகவே வருத்தப்பட்டார்.

பதினேழாம் நாள் செண்பகம் பள்ளிக்கு வந்தாள். வாசலில் பரசுராமன் பலகையைக் காட்டினார்.

"மாட்ட மாட்டேன் சார். இது டீச்சருது," என்றாள். அப்படியே வீட்டுக்குத் திரும்பிப் போய்விட்டாள். எட்டாம் வகுப்போடு அவள் படிப்பு நின்றது. ஞானம்மா அன்று வகுப்பில் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

குழுவின் அறிக்கையின்மேல் 1973இல் உத்தரவு வந்தது. முள்வேலியை அகற்றிவிட்டு இரும்புக் கம்பி வேலி போடவும், பிள்ளைக்கு ஒன்று வீதம் எண் போட்ட கொக்கி அடிக்கவும் அரசு அனுமதித்தது. மேலே மழைக்குத் தகரம். அதன்பிறகு எந்தப் பிள்ளையின் மொழியும் தொலையவில்லை, ஆடும் தின்னவில்லை. பரசுராமன் ஓய்வு பெறும் நாளில் அந்த வேலியின் முன்னால் நின்றுதான் போட்டோ எடுத்துக்கொண்டார். ஞானம்மாவை எல்லோரும் மறுபடி தெலுங்கு கற்றுக்கொள்ளச் சொன்னார்கள். அவளும் முயன்றாள். கழற்றிக் கொடுத்த இடத்தில் எதுவும் ஒட்டவில்லை. இரவு படித்தது காலையில் இருக்காது. திட்டத்தை மட்டும் வருஷா வருஷம் அனுப்பிக்கொண்டிருந்தாள். அது இப்போது இருபத்தைந்து கிலோ.

இதற்குள் கும்மிடிப்பூண்டியில் தொழிற்பேட்டைக்கு நிலம் எடுத்துக் கம்பெனிகள் வர ஆரம்பித்தன. களை பிடுங்கிய கைகள் பேக்கிங் செய்யப் போயின. செண்பகத்துக்கும் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. லாரிக்காரன் தெலுங்கு, ஃபிட்டர் மலையாளம், மேனேஜர் இங்கிலீஷ்; கேட்டதையெல்லாம் பழக்கிக்கொண்ட அவளைத்தான் எல்லோருக்கும் நடுவில் நின்று பேசக் கூப்பிட்டார்கள். கம்பெனி கேட்டில் டிபன் பாக்ஸைத் தவிர வேறு எதையும் திறந்து காட்டச் சொல்லவில்லை.

1976இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து ஞானம்மா அந்த வீட்டுக்குப் போனாள். தெருமுனையிலேயே சத்தம் கேட்டது. அம்மாவும் மகளும் தொண்டை கிழியச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். குப்பம்மாள் பாத்திரத்தைத் தூக்கித் தரையில் அடித்தாள். செண்பகம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, மூச்சு விடாமல், நடவு வரிசைக் குரலில் திருப்பிக் கொடுத்தாள். எப்படிப்பட்ட ஏச்சு என்று ஞானம்மாவுக்குத் தெரியும்; தன்னுடையதாயிற்றே. எதைப் பற்றி என்றுதான் தெரியவில்லை.

"இன்னாடி, இன்னா சண்ட?" என்று கேட்டாள்.

"இருங்க டீச்சர், அப்பால சொல்றேன்," என்றாள் செண்பகம், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

புயலுக்குப் பிறகு ஐந்து வருஷம் அந்த வீட்டில் ஒரு பேச்சுகூட ஞானம்மாவின் வாய் வழியாகப் போகாமல் நடந்ததில்லை. இப்போது அவளை யாரும் கேட்கவில்லை, தேவையும் இல்லை. குப்பம்மாள் சண்டையின் நடுவிலேயே ஒரு சொம்பு கஞ்சியைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். ஞானம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கஞ்சியைக் குடித்தபடி, முடியட்டும் என்று காத்திருந்தாள். அது இருட்டும்வரை முடியவில்லை.